ஊசிக்கு முன் ஒரு சாரி

லேபில் அவளுக்கு 'சாரி' என்று பெயர். வைத்தது முன்னால் ரசீது போடும் கவுண்டர் அக்கா. அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. நாற்காலியில் இடித்துக்கொண்டாள். வலிக்கிற முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அந்த நாற்காலியைப் பார்த்து "சாரி" என்றாள். கவுண்டர் அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"நாற்காலி என்ன சொல்லுச்சு? பரவாயில்லன்னுச்சா?"

"சாரிக்கா."

"பாரு, இதுக்கும் ஒண்ணு!"

அன்று ஒட்டிய பெயர் நான்கு வருடமாகியும் உதிரவில்லை. மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்கூட, "சாரி, அந்தப் பன்னெண்டாம் நம்பரைக் கொண்டா" என்றுதான் கூப்பிடுவார். அவளும் திரும்பிப் பார்ப்பாள். யாராவது அவள் சொந்தப் பெயரைச் சொன்னால்தான் திரும்ப ஒரு நொடி தாமதமாகும்.

ரத்தம் எடுப்பது அவள் வேலை. உயிர்வேதியியலில் பட்டம் வாங்கி, அதற்கு மேல் ஒரு வருடம் லேப் படிப்பும் முடித்தவள். ஆட்களோடு பேசப் பயந்துதான் லேப் வேலைக்கு வந்தாள். வந்த இடத்தில் அவளை ஆட்களுக்கு எதிரிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். ஆனால் கை ராசி உண்டு. எப்படிப்பட்ட ஒளிந்த நரம்பும் அவள் விரலுக்கு அகப்பட்டுவிடும். ஊசி இறங்குவதற்கு முன் "சாரி" என்பாள். பஞ்சை வைத்து அழுத்தும்போது இன்னொரு "சாரி". கைக்குழந்தைக்கும் அதேதான், முறைத்துக்கொண்டு உட்காரும் மீசைக்காரருக்கும் அதேதான்.

ஒருநாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாளைக்கு நாற்பது பேர், ஆளுக்கு இரண்டு, வருடத்துக்கு முந்நூறு நாள். இருபத்து நாலாயிரம். வீட்டில் அம்மாவிடம் சொல்வதும், பேருந்தில் இடம் விடச் சொல்வதும், காதில் விழாதபோது கேட்பதும் இதில் சேராது. சாவு வீட்டில் கையைப் பிடித்துச் சொல்வதும் அதே வார்த்தைதான், கால் பட்டால் சொல்வதும் அதேதான். 'மன்னித்துவிடுங்கள்' என்று அவள் வாழ்நாளில் யாரிடமும் வாயைத் திறந்து சொன்னதில்லை. அது ஏதோ காலில் விழுகிற மாதிரி. சாரி அப்படியில்லை. நின்றுகொண்டே சொல்லலாம். நடந்துகொண்டே சொல்லலாம்.

கல்லூரியில் ஒரு பரிசோதனை செய்ய வைப்பார்கள். வரிசையாகப் பத்துக் குழாய்கள். முதல் குழாயில் கெட்டியான நீலச் சாயம். அதிலிருந்து ஒரு துளியை இரண்டாவதில் விட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டாவதிலிருந்து ஒரு துளி மூன்றாவதில். பத்தாவது குழாய்க்கு வரும்போது வெறும் தண்ணீர்தான் தெரியும். சாயம் இருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அவள் சாரி எத்தனையாவது குழாய் என்று அவளுக்கே தெரியாது.

லேப் டாக்டரம்மாவுடையது. அங்கே வேறு யாரும் சாரி சொல்லக் கூடாது. அது அவர் போட்ட சட்டம். ரிப்போர்ட் தாமதமானால் "ஒரு தடவை சரிபாத்துட்டு இருக்காங்க" என்று சொல்ல வேண்டும். ரத்தம் உறைந்து வீணாகிவிட்டால் "இன்னொரு சாம்பிள் தேவைப்படுது" என்று சொல்ல வேண்டும். எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு ரிப்போர்ட் தவறாகப் போனதற்காக ஒரு பெரியவரிடம் டாக்டரம்மா மனசாரச் சாரி சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவரின் மகன் அதைப் போனில் பதிந்துகொண்டான். "பாருங்க, அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்று அந்தப் பதிவு ஊரெல்லாம் சுற்றியது. லேபைத் திறக்க முடியாமல் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தாராம். அதற்குப் பிறகுதான் சட்டம். அவளுக்கு மட்டும் விலக்கு. "அவ சொல்றது இருமல் மாதிரி. அதை யாரும் காதுல போட்டுக்க மாட்டாங்க" என்பார் டாக்டரம்மா.

காலை ஏழு மணிக்கு லேபைத் திறந்தால் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வாசல்வரை நிற்பார்கள். எள் போட்டால் எள் விழாது. பசியோடு இருப்பவர்களிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. ரத்தம் எடுத்த பிறகுதான் ட்யூபில் பெயர் எழுத வேண்டும் என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அந்தத் தாளை ஒட்டியதே அவள்தான். ஆனால் நடைமுறை வேறு. கவுண்டரிலிருந்து பட்டியல் வந்ததும் இருபது ட்யூப்களில் பெயரையும் நம்பரையும் முன்கூட்டியே எழுதி ஸ்டாண்டில் வரிசையாகக் குத்திவைத்துவிடுவாள். ஆள் உட்கார வேண்டியது, பெயரைக் கேட்க வேண்டியது, ட்யூபை எடுக்க வேண்டியது. ஆளுக்கு ஒரு நிமிடம் மிச்சம். அவளுக்கு முன்னால் இருந்தவளும் அப்படித்தான் செய்தாள். டாக்டரம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார்.

பத்து வாரத்துக்கு முன்பு ஒரு காலையில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஓரகத்திகள். ஒரே வீட்டில் மேல்மாடியில் ஒருத்தி, கீழே ஒருத்தி. சோர்வாக இருக்கிறது, தலைமுடி கொட்டுகிறது என்று மூத்தவள் டாக்டரிடம் போயிருக்கிறாள். துணைக்குப் போன இளையவளையும் சேர்த்து இருவருக்கும் தைராய்டும் கொழுப்பும் பார்க்கச் சொல்லிவிட்டார் அவர். பட்டியலில் பதினான்கு இளையவள், பதினைந்து மூத்தவள். ட்யூப்கள் அந்த வரிசையில் தயாராக இருந்தன.

"பதினாலு" என்று கூப்பிட்டாள். இருவரும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள்.

"அக்கா, நீங்க உட்காருங்க. நீங்க உயிரோட எழுந்திரிச்சா நான் உட்காருறேன்" என்றாள் இளையவள்.

"ஊசிதானேடி, யானையா?"

"யானைன்னா ஓடிடுவேன்ல."

மூத்தவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து கையை நீட்டினாள். அவள் மூத்தவளின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். பெயரைக் கேட்க வாயைத் திறந்தபோது, ஊசியைப் பார்த்த இளையவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, தண்ணி, யாராவது தண்ணி" என்று ஒரே கூச்சல். கேட்க வந்த பெயர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. "சாரி" என்று ஊசியை இறக்கினாள். பதினான்காம் ட்யூப் நிறைந்தது. பிறகு இளையவளைப் பெஞ்சில் படுக்கவைத்து, "சாரி, சாரி, ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சொல்லியே பதினைந்தாம் ட்யூபையும் நிரப்பினாள். அதற்குள் பதினாறாம் நம்பர்க்காரர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை.

பத்து வாரம் கழித்து இருவரும் மறுபடி வந்தபோது மூத்தவளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் ஊதியிருந்தது. கண்ணுக்குக் கீழே பை போலத் தொங்கியது. வெயில் ஏறிய காலையிலும் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"சாரிம்மா, படி ஏற நேரமாயிடுச்சு" என்று மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். குரல் தேய்ந்த டேப் போல இழுத்தது.

இந்த முறை அவள் முதலில் பெயரைக் கேட்டாள். ட்யூபில் இருந்த பெயரோடு சரியாக இருந்தது. பட்டையைக் கட்டினாள்.

"இந்த ஸ்வெட்டர் கையை ஏத்த முடியல, சாரிம்மா."

"பரவாயில்லங்க."

"நரம்பு கிடைக்கலையா? சாரி."

அவளுக்கு ஒருமாதிரி இருந்தது. தன்னுடைய வார்த்தையை எதிரில் இருப்பவர் வாயிலிருந்து இத்தனை தடவை கேட்டுப் பழக்கமில்லை. "நீங்க ஏங்க சாரி சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டாள். கேட்டது அவளுக்கே ஆச்சரியம்.

"பழகிப்போச்சு" என்றாள் மூத்தவள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த இளையவள் முந்திக்கொண்டு சொன்னாள். அவள் இளைத்திருந்தாள். மடியில் வைத்திருந்த விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தன. "எங்க வீட்ல ஒரு கூத்து நடக்குது சிஸ்டர். தைராய்டு எனக்கு. தூக்கம் இவங்களுக்கு. நான் மாத்திரை போட்டுக்கிட்டு நாலு மணிக்கே எழுந்து ரெண்டு வீட்டு வேலையும் பாக்குறேன். எனக்குத் தூக்கமே வர்றதில்ல. இவங்க எங்க உட்கார்ந்தாலும் தூங்கிடுவாங்க."

"அவ சொல்றது உண்மைதான்" என்றாள் மூத்தவள்.

"ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல்னு வந்திருக்கே, அப்புறம் என்னடி உடம்புக்குன்னு மாமா கேட்டா, இவங்க அதுக்கும் சாரிங்கறாங்க. கம்பெனியிலயும் அதேதான்."

மூத்தவள் சட்டை தைக்கிற கம்பெனியில் பதினோரு வருடமாகச் செக்கிங் மேசையில் இருந்தவள். தையலில் குறை இருந்தால் அவள் விரலே கண்டுபிடித்துவிடும். போன மாதம் மேசையிலேயே கண் அசந்துவிட்டாளாம். ஒரு லாட் முழுக்கக் காலர் கோணலாகப் போய்விட்டது. இப்போது நூல் பிசிறு வெட்டுகிற பெஞ்சில் போட்டிருக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களைத்தான் அங்கே உட்காரவைப்பார்கள்.

"சூப்பர்வைசர் கேட்டாரு, உடம்புக்கு ஏதாவதுன்னா காகிதம் கொண்டாம்மான்னு" என்றாள் மூத்தவள் மெதுவாக. "என்கிட்ட இருந்த காகிதத்துல நார்மல்னுதான் இருந்துச்சு."

அவள் பஞ்சை வைத்து அழுத்தினாள். அன்று ஏனோ சாரி வரவில்லை.

பதினொன்றரைக்கு மெஷின் சத்தம் எழுப்பியது. பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அது அப்படிக் கத்தும். மெஷின் அண்ணன் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு பேரு, ரெண்டும் ஒரே வீடு. சின்னதுக்குப் போன தடவை பதினெட்டு, இப்ப ஒண்ணுமே இல்லாம அடியில கிடக்கு. மாத்திரை ஓவராயிருக்கும். பெரியதுக்குப் போன தடவை ரெண்டு, இப்ப முப்பத்தொண்ணு. புதுசா வந்திருக்கும்போல. சாரி, நீ ஒரு தடவை சாம்பிளைப் பாத்துடு."

"கொழுப்பு எவ்வளவுண்ணா?"

"அது எதுக்கு?"

அவள் பழைய பக்கத்தைத் திறந்தாள். தைராய்டு சரியாகச் சுரக்காதபோது மெஷின் காட்டும் இந்த எண் ஏறும், கூடவே ரத்தத்தில் கொழுப்பும் ஏறும். பத்து வாரத்துக்கு முன்பு இளையவளுக்கு இருநூற்று அறுபத்தெட்டு, மூத்தவளுக்கு நூற்று அறுபத்திரண்டு. இன்று இளையவளுக்கு நூற்று ஐம்பது, மூத்தவளுக்கு இருநூற்று எழுபத்து நாலு. ஒரு அளவு ஏறலாம், ஒன்று இறங்கலாம். இரண்டு அளவுகளும் மூட்டை கட்டிக்கொண்டு ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்குக் குடிபோகாது.

சுவரோடு சரிந்து உட்கார்ந்தவள் ஞாபகத்துக்கு வந்தாள். தண்ணீர் தண்ணீர் என்ற கூச்சல். கேட்காமல் விட்ட பெயர். கையில் இருந்த பதினான்காம் ட்யூப்.

டாக்டரம்மாவின் அறைக்கதவைத் தட்டுவதற்கு இருபது நிமிடம் பிடித்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இடையில் நாலைந்து சாரி வந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டவில்லை.

"முன்னாடியே பேர் எழுதினியா?"

"தினமும் எழுதுறேன் டாக்டர்."

"அது என் காதுல விழல." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இன்னைக்கு எடுத்தது சரியா இருக்குல்ல?"

"சரியா இருக்கு. பேர் கேட்டுத்தான் எடுத்தேன்."

"அப்ப இன்னைக்கு ரிப்போர்ட்டை அப்படியே குடு. அவங்க டாக்டர் பாத்துட்டுச் சின்னவளுக்கு மாத்திரையை நிறுத்திடுவாரு, பெரியவளுக்கு ஆரம்பிச்சிடுவாரு. நானே அவருக்குப் போன் பண்ணி, உடனே பாருங்கன்னு சொல்றேன். ரெண்டு மாசத்துல ரெண்டு பேரும் நல்லாயிடுவாங்க. போன ரிப்போர்ட்டை யாரும் திரும்ப எடுத்துப் பாக்கப் போறதில்ல."

"அவங்ககிட்ட சொல்ல வேணாமா டாக்டர்?"

"என்னன்னு சொல்லுவே?"

"சாரின்னு."

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது. "நீ சாரி சொன்னா அவங்களுக்கு என்ன கிடைக்கும், சொல்லு. போன பத்து வாரம் திரும்ப வருமா? உன் மனசு லேசாகும். அவ்வளவுதான். உன் மனசு லேசாகறதுக்காக இங்க வேலை பாக்குற ஆறு பேர் வீட்ல உட்காரணுமா? ஆறு மணிக்கு ரிப்போர்ட் வாங்க வருவாங்க. நீ வெளிய வராதே. மீறி வந்தேன்னா, நாளைக்கு நீ இங்க வர வேணாம்."

அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். டாக்டரம்மா சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் பிடுங்கி எடுத்தது. சொல்லாவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். உடம்பு சரியாகிவிடும். காகிதத்தில் மட்டும் மூத்தவளுக்கு இன்றைக்குத்தான் நோய் வந்ததாக இருக்கும். கண் அசந்ததும், காலர் கோணலாகப் போனதும் நோய் வருவதற்கு முன்னால் நடந்ததாகிவிடும். பத்து வாரமாக அவள் சோம்பேறியாக இருந்தாள் என்பது இனி எழுதிவைத்த மாதிரி ஆகிவிடும்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றாள் கவுண்டர் அக்கா.

"அக்கா, நீங்க எப்பவாவது உண்மையிலயே சாரி சொல்லியிருக்கீங்களா?"

"உண்மையிலயேன்னா?"

"தப்பு பண்ணிட்டு."

"கல்யாணமாகி பத்தொம்பது வருஷம். நான் ஏன் தப்பு பண்றேன்?" என்று சிரித்தாள் கவுண்டர் அக்கா. பிறகு இவள் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "சாப்பிடு முதல்ல" என்றாள்.

ஆறு மணிக்கு அவர்கள் வந்தார்கள். அவள் உள்ளே ஸ்டாண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மூத்தவளின் இழுத்த குரல் கேட்டது.

"ரசீதைப் பையில எங்கயோ வெச்சுட்டேன், சாரிம்மா. ஒரு நிமிஷம். சாரி, பின்னாடி நிக்கிறவங்க வேணா முதல்ல வாங்கிக்கட்டும்."

குழாயை மூடினாள். கையைத் துடைக்காமலே வெளியே வந்தாள். டாக்டரம்மாவின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கால் திரும்பியிருக்கும்.

படியிறங்கி நடைபாதையில் அவர்களைப் பிடித்தாள். இளையவள் வேகமாக நாலடி முன்னால் போய்விட்டிருந்தாள். மூத்தவள் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"அக்கா. சாரி."

"ஏம்மா? ஏதாவது விட்டுட்டு வந்துட்டேனா? சாரி, என் ஞாபகமே இப்ப—"

"இல்லக்கா. நான்தான். சாரி."

"நீ காலையில நல்லாத்தான் எடுத்தே. வலிக்கவே இல்ல. எதுக்கு சாரி? பரவாயில்ல, பரவாயில்ல" என்று மூத்தவள் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவளுக்குப் பேருந்தைப் பிடிக்கிற அவசரம்.

கைக்குக் கை மாறி ஒன்றுமில்லாமல் போய்விட்டது அந்த வார்த்தை. இன்னொரு தடவை சொன்னால் இன்னொரு பரவாயில்லை வரும். அப்படியே திரும்பி லேபுக்குள் போய்விடலாம். சொல்லியாயிற்று என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். அவள் நின்றாள்.

"பத்து வாரத்துக்கு முன்னாடி நீங்க வந்தப்ப ட்யூப்ல நான் முன்னாடியே பேர் எழுதி வெச்சிருந்தேன்" என்றாள். "அப்படி எழுதக் கூடாது. பதினாலாம் ட்யூப்ல இருந்தது உங்ககூட வந்த இவங்க பேரு. நீங்க முதல்ல உட்கார்ந்தீங்க. நான் பேர் கேக்கல. உங்க ரத்தத்தை இவங்க பேர் போட்ட ட்யூப்ல எடுத்துட்டேன். இவங்களுக்கு வந்த ரிப்போர்ட் உங்களுது. உங்களுக்கு வந்த ரிப்போர்ட் இவங்களுது. தைராய்டு அன்னைக்கே உங்களுக்குத்தான் இருந்துச்சு."

அவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் ஒரு மூச்சில் பேசியதில்லை.

திரும்பி வந்து கேட்டுக்கொண்டிருந்த இளையவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "என்ன சொல்றீங்க? அப்ப நான் தினமும் முழுங்கினது?"

"உங்களுக்கு அது தேவையே இல்ல. அதனாலதான் தூக்கம் வரல, கை நடுங்குது. நாளைக்கே டாக்டரைப் பாருங்க. ரிப்போர்ட்டைக் காட்டுங்க. அவர் நிறுத்தச் சொல்லுவாரு."

"எவ்வளவு அசால்ட்டா சொல்றீங்க! என் நெஞ்சு ராத்திரியெல்லாம் அடிச்சிக்குது தெரியுமா? செத்துப்போயிருந்தா?" நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "படிச்சிருக்கீங்களா இல்லையா? பேரைக் கேக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு நொடி" என்றாள் அவள். உண்மையில் அவ்வளவுதான் ஆகும். இளையவள் அடிக்கப் போகிறாள் என்று தோன்றியது. ஆனால் அவள் சட்டென்று மூத்தவள் பக்கம் திரும்பினாள். "அக்கா" என்றாள்.

மூத்தவள் கம்பத்தை விடவில்லை. முகம் ஊதியிருந்ததால் அதில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்ப நான் தூங்கினது?" என்று கேட்டாள்.

"நோயாலதான்."

"மேசையில?"

"அதுவும்தான்."

"நான் சோம்பேறி இல்ல."

"இல்லக்கா."

மூத்தவள் மெதுவாகத் தலையாட்டினாள். அழுவாள் என்று அவள் நினைத்தாள். அழவில்லை.

"இதை எழுதித் தருவியா?" என்றாள். "வாயால சொன்னா எங்க வீட்ல நம்ப மாட்டாங்க. கம்பெனியிலயும் நம்ப மாட்டாங்க. எழுதி, உன் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

அவள் கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். டாக்டரம்மா. திருப்பிப் பைக்குள் போட்டாள். அது அங்கேயே நடுங்கி நடுங்கி ஓய்ந்தது.

இரண்டு கடை தள்ளி ஜெராக்ஸ் கடை இருந்தது. கடைக்காரரிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, கண்ணாடி மேசைமேல் வைத்து எழுதினாள். தேதி. நேரம். ட்யூப் எண்கள். நான் ரத்தம் எடுப்பதற்கு முன்பே பெயர்களை எழுதிவிட்டேன். உட்கார்ந்தவரின் பெயரைக் கேட்கவில்லை. லேபில் பரிசோதனை நோட்டு எழுதுகிற அதே கையெழுத்து வந்தது, நேராக, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

மூத்தவள் பக்கத்தில் நின்று விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். செக்கிங் மேசையில் தையலைத் தடவிப் பார்க்கிற விரல். ஒரு இடத்தில் நின்றது.

"இங்க 'ரிப்போர்ட் மாறியிருக்கலாம்'னு எழுதியிருக்கே. மாறியிருக்கலாமா, மாறிச்சா?"

"மாறிச்சு."

"அப்ப அப்படியே எழுது. அப்புறம், இன்னைக்கு வந்த நோய் இல்ல, அன்னைக்கே இருந்ததுன்னும் எழுது. அந்தப் பத்து வாரத்தையும் எழுது."

எழுதினாள். தனக்குத் தெரிந்த நாலைந்து வரியோடு முடிந்துவிட்டது. கையெழுத்துக்கு மேலே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. பேனா தானாக அங்கே போய் 'சா' என்று தொடங்கியது.

"அது வேணாம்" என்றாள் மூத்தவள். குரலில் கோபம் இல்லை. "அதைப் படிச்சா என் வீட்டுக்காரர், பாவம் அந்தப் பொண்ணு, போகட்டும் விடுன்னு சொல்லிடுவாரு. எல்லாரும் விட்டுடுவாங்க. நான் மட்டும் பிசிறு வெட்டிக்கிட்டு இருப்பேன். அதை அடிச்சிட்டு உன் பேரை எழுது. முழுப் பேரு."

அவள் அந்த எழுத்தை அடித்துவிட்டுத் தன் முழுப் பெயரை எழுதினாள். கீழே படிப்பையும் எழுதினாள். இளையவள் கடை வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

"எத்தனை காப்பிம்மா?" என்றார் கடைக்காரர்.

மூத்தவள் யோசித்தாள். இப்போதெல்லாம் அவளுக்கு எதை யோசிக்கவும் நேரம் ஆகிறது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"மூணு" என்றாள். மெஷினின் வெளிச்சம் கண்ணாடிக்கு அடியில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய் வந்தது. தாள்கள் சூடாக வந்து விழுந்தன. மூத்தவள் ஒன்றை மடித்து ரிப்போர்ட் உறைக்குள் வைத்தாள். ஒன்றை, "இது சூப்பர்வைசருக்கு" என்று கைப்பைக்குள் வைத்தாள். மூலத்தாளை நாலாக மடித்துத் தனியே பர்ஸுக்குள் வைத்து ஜிப்பை மூடினாள்.

மூன்றாவது பிரதியை அவளிடம் நீட்டினாள்.

"இது உங்க டாக்டரம்மாவுக்கு. நீயே கையில குடுத்துடு. நாளைக்கு நான் வந்து கேப்பேன், குடுத்தியான்னு."

அவள் வாங்கிக்கொண்டாள். மூத்தவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. இளையவளின் தோளில் கையை ஊன்றி, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துப் பேருந்து நிறுத்தத்தை நோக்கிப் போனாள்.

போன் மறுபடி அதிர்ந்தது. அவள் எடுத்தாள்.

"எங்க இருக்கே?" என்றார் டாக்டரம்மா.

"பக்கத்துல ஜெராக்ஸ் கடையில இருக்கேன் டாக்டர். வந்துட்டே இருக்கேன். உங்ககிட்ட ஒரு தாள் குடுக்கணும்."

போனைப் பைக்குள் போட்டாள். அவள் சூடு ஆறாத தாளைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு லேபை நோக்கி நடந்தாள்.